புனே கோந்த்வா: மனு கொடுத்தே காலம் கழிக்கும் மக்கள்

புதுதில்லி: இடையூறு இல்லாத நடைபாதையில் நடந்து செல்லும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று உச்சநீதிமன்றம் 2025 மே 14 அன்று திட்டவட்டமாகக் கூறியது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புய்யான் ஆகியோர் அடங்கிய அமர்வு, பாதசாரிகளுக்கான வழிகாட்டு நெறிகளை இரண்டு மாதங்களுக்குள் தாக்கல் செய்யுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவின் பகுதியாகும். இந்த வழக்கின் மூல மனுவை 2012-ஆம் ஆண்டில் தொடுத்தவர், கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் என்பது தமிழக வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி.

தில்லியில் எழுதப்படும் இத்தகைய உத்தரவுகள் ஒரு நகரத்தின் கடைக்கோடி வார்டை எவ்வாறு சென்றடைகின்றன? அங்குள்ள குடிமக்கள் தங்கள் மாநகராட்சிக்கு எழுதும் கடிதங்களுக்கு என்ன நேர்கிறது? மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் தென்கிழக்கே உள்ள கோந்த்வா இக்கேள்விகளுக்குப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டு. நகரம் வேகமாக வளர்ந்து, நிர்வாகம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவரும் இடம் அது.

இரண்டு கோந்த்வாக்கள்

ஊரின் பெயரிலேயே இரண்டு ஊர்கள் உள்ளன. கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்பவை அவை. குர்த் என்றால் சிறியது. புத்ருக் என்றால் பெரியது. நம் ஊர்களில் சின்ன, பெரிய என்ற அடைமொழிகளோடு இரட்டைக் கிராமங்கள் இருப்பதைப் போன்றதே இது. 1997-இல் புனே மாநகராட்சியுடன் 38 கிராமங்கள் இணைக்கப்பட்டபோது கோந்த்வாவும் நகரமாயிற்று. (அவற்றில் பல கிராமங்கள் எதிர்ப்பின் காரணமாகப் பின்னர் விலக்கப்பட்டன.) 2017-இல் மேலும் 11 கிராமங்களும், 2021-இல் 23 கிராமங்களும் சேர்க்கப்பட்டன. கோந்த்வாவுக்கு அப்பால் இருந்த உண்டிரி, பிசோலி ஆகியவை இவ்வாறு நகர எல்லைக்குள் வந்தன. 2021-ஆம் ஆண்டு இணைப்போடு பரப்பளவில் மும்பையை விஞ்சி, மாநிலத்தின் மிகப் பெரிய மாநகராட்சியாகப் புனே ஆனது. எல்லை விரிந்த வேகத்தில் குழாயும் சாக்கடையும் விரியவில்லை.

ரிசர்வ் வங்கியின் முன்முயற்சியால் 1969-இல் தொடங்கப்பட்ட தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம் இங்குதான் உள்ளது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே சாலையின் பெயராகி, என்.ஐ.பி.எம். சாலையின் இருமருங்கிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. மறுபுறம் கோந்த்வா குர்தின் மீட்டா நகர், பாக்யோதய் நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகள். பழைய நகரின் நெரிசலிலிருந்தும், கலவர காலங்களுக்குப் பின்னர் பாதுகாப்பு கருதியும் இஸ்லாமியக் குடும்பங்கள் பெருமளவில் வந்து குடியேறிய பகுதி இது. விவசாய நிலத்தைக் குந்தா கணக்கில் கூறுபோட்டு விற்ற மனைகளில் வீடுகள் எழுந்தன. ஒரு குந்தா என்பது நம் கணக்கில் இரண்டரை சென்ட். முறையான மனைப்பிரிவு அனுமதி இல்லாத இத்தகைய குடியிருப்புகளை மராட்டியில் ‘குந்தேவாரி’ என்பர். இவற்றை முறைப்படுத்த 2001-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மனைக்குப் பட்டா போட்டவர்கள் தெருவுக்கு இடம் விடவில்லை. இன்று அத்தெருவில் நடைபாதை கேட்டு மனு எழுதுபவருக்கு, ‘இடம் இருந்தால்தானே’ என்ற பதிலைச் சொல்ல அதிகாரிகளுக்கு அது வசதியாகிவிட்டது.

கடிதம் செல்லும் பாதை

கோந்த்வாவில் வசிப்பவர் நடைபாதையில் சாய்தளம் கேட்டு எழுத விரும்பினால், அவரது கடிதம் முதலில் செல்ல வேண்டிய இடம் கோந்த்வா - யேவலேவாடி க்ஷேத்ரிய கார்யாலயம், அதாவது வட்டார அலுவலகம். தபால் பிரிவில் ‘ஆவக்’ எண் ஒன்று முத்திரையிடப்படும். வரவுப் பதிவேட்டின் எண்ணான அதுவே மனுதாரரின் கையில் மிஞ்சும் ஒரே சான்று. குறுகிய தெருக்கள் வட்டார அலுவலகத்தின் பொறுப்பு. பெரிய சாலைகளோ சிவாஜி நகரில் உள்ள தலைமையகத்தின் சாலைத் துறைக்கு உரியவை. நடைபாதையில் கடை இருந்தால் ஆக்கிரமிப்பு அகற்றும் துறை. மின்மாற்றி இருந்தால் மாநில மின் பகிர்மான நிறுவனம். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் சிக்னல் வேண்டுமென்றால் போக்குவரத்துக் காவல்துறை. பேருந்து நிறுத்தம் என்றால் 2007-இல் உருவான பெருநகரப் போக்குவரத்துக் கழகம். பத்தடி தூரத்து நடைபாதைக்கு ஐந்து முகவரிகள்.

எழுதுபவர் யார் என்பதிலும் பெரும் வேறுபாடு உண்டு. என்.ஐ.பி.எம். சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் 1960-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவை. அவற்றுக்குத் தலைவர், செயலாளர், முத்திரை, அச்சிட்ட கடிதத்தாள் எல்லாம் உண்டு. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளும் வங்கி அதிகாரிகளும் அலுவலக நடையில் எழுதத் தெரிந்தவர்கள். குந்தேவாரித் தெருவில் வாழ்பவருக்குக் கடிதத்தாளும் இல்லை, மனு எழுத ஓய்வும் இல்லை. அலுவலக மொழி மராட்டி. தெருவின் மொழி பெரும்பாலும் உருதும் இந்தியும். குறைகளைக் கைபேசிச் செயலியில் பதியலாம் என்று மாநகராட்சி கூறுகிறது. ஆனால் பள்ளம் அப்படியே இருக்க, புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று முடித்து வைக்கப்படுவதாகப் புனே நகரவாசிகள் நெடுங்காலமாகக் குறை கூறி வருகின்றனர்.

எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறும் பழக்கத்தில் புனே நாட்டுக்கே முன்னோடி என்பதையும் சொல்லியாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005 அக்டோபர் 12 அன்று, அச்சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் விண்ணப்பத்தைப் பத்திரிகையாளர் ஷாஹித் ரசா பர்னி அளித்தது புனே காவல் நிலையம் ஒன்றில்தான். வாரந்தோறும் திங்கட்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, விண்ணப்பம் ஏதுமின்றிக் கோப்புகளைக் குடிமக்கள் நேரில் பார்க்கும் முறை புனே மாநகராட்சியில் கொண்டுவரப்பட்டது. உள்ளாட்சி அலுவலகங்கள் யாவும் அதைப் பின்பற்றுமாறு 2018 நவம்பரில் மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது. வார்டுப் பணிகளைக் குடிமக்களே முன்மொழியும் பங்கேற்பு வரவு செலவுத் திட்டமும் 2006 முதல் இங்கு உண்டு. கருவிகளுக்குப் பஞ்சமில்லை.

சுவர் விழுந்த இரவு

2019 ஜூன் 29 அதிகாலை, கனமழைக்கு நடுவே, கோந்த்வாவின் தாலாப் மசூதிப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்தது. சுவருக்கு அப்பால், பள்ளத்தில் மற்றொரு கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. அங்கு வேலை செய்த தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள் சுவரின் அடிவாரத்திலேயே அமைக்கப்பட்டிருந்தன. குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் இருந்த கார்களும் சுவரோடு சேர்ந்து கொட்டகைகளின் மீது சரிந்தன. உறங்கிக்கொண்டிருந்த 15 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் பீகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சுவரின் நிலை குறித்துக் கட்டுமான நிறுவனத்திடம் முன்பே முறையிட்டிருந்ததாக அக்குடியிருப்பில் வசித்தவர்கள் அப்போது செய்தியாளர்களிடம் கூறினர்.

விபத்துக்குப் பின்னர் வழக்கமான அனைத்தும் நடந்தன. குழு அமைக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கட்டுமான நிறுவனத்தின் அலட்சியம் வெளிப்பட்டுள்ளது என்று அன்றைய மாவட்ட ஆட்சியர் நவல் கிஷோர் ராம் கூறினார். சில நாட்களிலேயே, ஜூலை முதல் வாரத்தில், நகரின் தெற்கே அம்பேகாவில் ஒரு கல்லூரியின் சுற்றுச்சுவர் இடிந்து மேலும் 6 தொழிலாளர்கள் பலியாயினர். ஏறத்தாழ அதே நேரத்தில் மும்பை மலாடில் சுவர் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்தச் சம்பவத்தில் கடிதங்களைப் பற்றிய ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. சுவருக்கு மேலே வாழ்ந்தவர்களால் முறையிட முடிந்தது. கீழே உறங்கியவர்களுக்கு அந்த வார்டில் வாக்கில்லை, முகவரியில்லை, யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை. மாநிலம் விட்டு மாநிலம் சென்று வேலை செய்வோர் பற்றிய 1979-ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டுமானத் தொழிலாளர் பற்றிய 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் தங்குமிட வசதியை ஏற்பாடு செய்யும் பொறுப்பை வேலை கொடுப்பவர் மீது சுமத்தியிருந்தன. கட்டட அனுமதி வழங்கும் மாநகராட்சி, கட்டடத்தைக் கட்டுவோர் எங்கே உறங்குகிறார்கள் என்று பார்ப்பது வழக்கமில்லை. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூனில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டதை மறக்காதவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

84 மீட்டர், 50 மீட்டர்

கோந்த்வா மக்களின் மனுக்களில் பேரிடம் பிடித்திருப்பது காத்ரஜ் - கோந்த்வா சாலை. மும்பை - பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து காத்ரஜில் பிரிந்து, நகருக்குள் நுழையாமல் சாஸ்வட், சோலாப்பூர் திசைகளுக்குச் செல்ல விரும்பும் கனரக வாகனங்கள் யாவும் இந்தக் குறுகிய, மேடு பள்ளமான சாலையில்தான் புகுந்து செல்கின்றன. அதே சாலையில்தான் பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் இருசக்கர வாகனங்களில் செல்வோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்கின்றனர். விபத்து மரணங்கள் தொடர்ந்து செய்தியாயின.

ராஜஸ் சொசைட்டி சந்திப்பிலிருந்து கடி மெஷின் சந்திப்பு வரையிலான சுமார் மூன்றரை கிலோ மீட்டர் தொலைவை 84 மீட்டர் அகலத்துக்கு விரிவாக்கத் திட்டமிடப்பட்டு, 2018-இல் அன்றைய முதல்வர் தேவேந்திர பட்னவிஸ் அடிக்கல் நாட்டினார். நிலம் கையில் இல்லாமல் நாட்டப்பட்ட அடிக்கல் அது. நிலத்துக்கு ஈடாகக் கூடுதல் கட்டட உரிமையை ஏற்றுக்கொள்ளுமாறு மாநகராட்சி கூறியது. உரிமையாளர்களில் பலர் ரொக்க இழப்பீடே வேண்டும் என்றனர். ரொக்கமாகக் கொடுக்க மாநகராட்சியிடம் பணமில்லை. இறுதியில் அகலம் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நிலம் கையகப்படுத்த மாநில அரசு 2023-இல் சுமார் 140 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடிக்கல்லுக்கும் பணத்துக்கும் இடையே ஐந்தாண்டுகள். இந்த ஐந்தாண்டுகளிலும் மக்கள் எழுதிய கடிதங்களுக்குப் பணி நடைபெற்று வருகிறது என்று பதிலளிப்பதில் சட்டப்படி பிழை ஏதுமில்லை.

குடிநீரின் கதையும் இதே வார்ப்பில்தான். புறநகரில் கட்டட அனுமதி வழங்கும்போது, மாநகராட்சிக் குடிநீர் வந்து சேரும் வரை தாங்களே தண்ணீர் தருவதாகக் கட்டுமான நிறுவனத்திடம் உறுதிமொழி வாங்கிக்கொள்வது வழக்கம். வீடுகளை விற்று முடித்ததும் நிறுவனம் விலகிக்கொள்ள, தண்ணீர் லாரிச் செலவு குடியிருப்போர் தலையில் விழுகிறது. உண்டிரி, முகமதுவாடி பகுதிகளில் சொத்துவரியும் கட்டி லாரிக்கும் பணம் கட்டுவோர் ஏராளம். புனே பகுதிக் குடியிருப்புச் சங்கங்கள் மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்ததன் பேரில், இக்குறைகளைக் கவனிக்க வருவாய்க் கோட்ட ஆணையர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. கடிதம் பலிக்காதபோது வழக்கறிஞரை அமர்த்த முடிந்தவர்கள் அமர்த்தினர்.

சாய்தளத்துக்கு ஒரு சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டன. அணுகல் வசதி இல்லாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி வழங்கக் கூடாது, பணி நிறைவுச் சான்றும் தரக் கூடாது என்று சட்டத்தின் 44-ஆவது பிரிவு கூறுகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45-ஆவது பிரிவு. அந்தக் கெடு 2022 ஜூனில் முடிந்தது. மீறினால் முதல் முறை 10 ஆயிரம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50 ஆயிரம் முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

அளவுகளும் தெளிவானவை. சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட நெறிகளின்படி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும். அதன் விளிம்பு 15 சென்டி மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. புனே மாநகராட்சியே 2016-இல் நகரத் தெருக்களுக்கான வடிவமைப்பு நெறிகளையும் பாதசாரிகள் கொள்கையையும் வெளியிட்டது. அவற்றின்படி ஜங்லி மகாராஜ் சாலையில் அமைந்த அகன்ற நடைபாதை நாடெங்கும் பாராட்டப்பட்டது. 2021 முதல் டிசம்பர் 11-ஐப் பாதசாரிகள் தினமாகவும் மாநகராட்சி கொண்டாடுகிறது. கொண்டாட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது நகரின் நடுவே உள்ள லட்சுமி சாலை. கோந்த்வா அல்ல.

கோந்த்வா போன்ற பகுதியில் நடைபாதை என்பது பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான். வீட்டு வாசலுக்கு வாசல் வாகனம் ஏற்றும் சரிவு, நடுவே மின் கம்பம், இருசக்கர வாகனங்களைத் தடுக்க நட்ட குத்துக்கல். அக்குத்துக்கல் சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுக்கிறது. தாழ்தளப் பேருந்தை வாங்கிவிட்டு, அதில் ஏறுவதற்கான நிறுத்தத்தைச் சாக்கடைக்கும் சாலைக்கும் நடுவே விட்டுவைப்பதால் மாற்றுத்திறனாளிக்கு விளையும் பயன் எதுவுமில்லை.

மும்பையைச் சேர்ந்த பார்வைத்திறன் குறைந்த செயற்பாட்டாளர் ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கால வரையறையுடன் உத்தரவுகள் பிறப்பித்தது. அவை நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 8 அன்று, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, விதிகளில் 15(1)-ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது. விதியோ பரிந்துரைகளின் தொகுப்பைச் சுட்டிக்காட்டுகிறது என்பதே காரணம். கட்டாய நெறிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிடப்பட்டது. ஏழாண்டுகளாக வட்டார அலுவலகப் பொறியாளர் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதி வந்ததற்கு வழி செய்து கொடுத்தது தில்லியில் எழுதப்பட்ட விதிதான் என்பது இத்தீர்ப்பால் வெளிப்பட்டது. உள்ளூர் அதிகாரியை மட்டும் குறை கூறுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உறுப்பினர் இல்லாத மாமன்றம்

இவை அனைத்தையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. 2017 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட புனே மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் மத்தியில் முடிந்தது. இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கு, வார்டு மறுவரையறைக் குழப்பம் என்று தேர்தல் தள்ளிப்போனது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு கூறியும் பயனில்லை. மாநகராட்சி ஆணையரே மாமன்றத்தின் அதிகாரங்களையும் கையில் வைத்திருக்கும் நிர்வாகியானார். வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்பவரும் அவரே. அதற்கு ஒப்புதல் அளிப்பவரும் அவரே. தமிழகத்திலும் 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை தனி அலுவலர்களின் ஆட்சி நடந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம்.

உறுப்பினர் இல்லாத வார்டில் மனுவுக்கு என்ன மதிப்பு? முன்பு ஒரு கடிதத்தின் நகலை உறுப்பினரிடம் கொடுத்தால், அவர் அடுத்த தேர்தலை நினைத்தாவது பொறியாளரைத் தொலைபேசியில் அழைப்பார். அந்த அழைப்பு நின்றுபோனது. வாக்கின் வலிமையை உணர்த்த அதே காலத்து நிகழ்வொன்று போதும். சொந்த வீட்டில் வசிப்போருக்கு 1970 முதல் புனேயில் இருந்துவந்த 40 சதவீதச் சொத்துவரிச் சலுகை ரத்து செய்யப்பட்டிருந்தது. அதை மீட்கக் கோரி மனுக்கள் குவிந்தும் ஆண்டுகள் கடந்தன. 2023 மார்ச்சில் கஸ்பா பேட்டை சட்டமன்ற இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியான பாஜகவின் கோட்டையில் காங்கிரஸ் வேட்பாளர் ரவீந்திர தங்கேகர் வென்றார். அதே ஆண்டில் சலுகை மீண்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கூறுவோர் கூறட்டும்.

2025 மே 6 அன்று உச்சநீதிமன்றம் தலையிட்டு, மகாராஷ்டிர உள்ளாட்சித் தேர்தல்களை நடத்த உத்தரவிட்டது. அம்மாத இறுதியில் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்றவர், சுவர் விழுந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்த அதே நவல் கிஷோர் ராம். கோந்த்வா மக்கள் ‘பெறுநர்’ என்று எழுதிய இடத்தில், 2019-ஆம் ஆண்டின் துயரத்தை நேரில் கண்ட ஒருவர் வந்து சேர்ந்தார்.

கெடுக்கள் நீட்டிக்கப்பட்டு, ஒருவழியாக 2026 ஜனவரி 15 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. 165 உறுப்பினர்களைக் கொண்ட மாமன்றம் ஏறத்தாழ நான்காண்டுகளுக்குப் பின்னர் உயிர்பெற்றது. பாஜக பெரும்பான்மை பெற்றது.

மாமன்றத்தோடு சேர்ந்து உயிர்பெற வேண்டியவை, 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வகை செய்த வார்டுக் குழுக்கள். மகாராஷ்டிரச் சட்டத்தின்படி ஒவ்வொரு வார்டுக் குழுவிலும் தொண்டு நிறுவனங்கள், மக்கள் அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளாக மூவர் வரை நியமிக்கப்படலாம். வாக்குக் கேட்காமல், கட்சிச் சீட்டு இல்லாமல், உறுப்பினர்களுக்குச் சமமாக அமர்ந்து வட்டார அலுவலகத்தின் பணிகளைக் கேள்வி கேட்கும் இடங்கள் அவை. கடந்த மாமன்றத்தின் காலத்தில் அந்த இடங்கள் பலவும் கட்சித் தொண்டர்களால் நிரப்பப்பட்டதாகப் புனேயின் குடிமை அமைப்புகள் கடுமையாகக் குற்றம் சாட்டின. கோந்த்வா - யேவலேவாடி வார்டுக் குழுவின் மூன்று இடங்களில் ஒன்றில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை அமர்த்தச் சட்டத்தில் தடையேதும் இல்லை.